உளி எடுக்குமுன் காது கொடுங்கள்

திருச்சியில் குடிநீர்க் குழாய்ப் பணியில் 34 ஆண்டுகள் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. ஊர் உறங்கிய பிறகு தெருவில் இரும்புக் கோலை ஊன்றி, தரைக்கடியில் எங்கே தண்ணீர் வீணாக ஓடுகிறது என்று கேட்பதுதான் வேலை. சென்ற இதழில் அதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டுச் சுவருக்குள் ஒளிந்திருக்கும் கசிவைப் பற்றியே கேட்கின்றன. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

வீடு கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் மூன்று மாதமாக ஓதம் ஏறுகிறது. பெயிண்ட் உரிந்து, உப்புப் பூத்துவிட்டது. பார்க்க வந்த பிளம்பர், குளியலறை டைல்ஸ் மொத்தத்தையும் பெயர்த்தால்தான் தெரியும் என்கிறார். அதே டைல்ஸ் இப்போது கடைகளில் இல்லை. உடைக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?
*வாசகி, தஞ்சாவூர்*

உண்டு அம்மா. டைல்ஸில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். எனக்காக இரண்டு இரவுகள் ஒதுக்குங்கள்.

முதல் இரவில் காதுக்கு வேலை இல்லை, அளவுகோலுக்குத்தான். இரவு பத்து மணிக்கு மாடித் தொட்டியை நிரப்பி மோட்டாரை நிறுத்துங்கள். எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். கழிவறை ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்வையும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போகும் குழாயையும் மறக்க வேண்டாம். கீசருக்குப் போகும் வால்வை மட்டும் திறந்தே விடுங்கள். அதை மூடினால் வெந்நீர்க் குழாயில் உள்ள கசிவு சோதனைக்குத் தப்பிவிடும். தொட்டிக்குள் நேரான குச்சி ஒன்றை அடிவரை நிறுத்தி, நனைந்த இடத்தில் கோடு போட்டு வையுங்கள். காலை ஐந்து மணிக்கு, யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால், அதே குச்சியை அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வீடுகளில் வைக்கும் 1000 லிட்டர் வட்டத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 9 முதல் 10 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள்.

கோடு இறங்கவே இல்லையா? அப்படியானால் ஓசையைத் தேடிப் பயனில்லை. உங்கள் சுவரை நனைப்பது நல்ல தண்ணீர்க் குழாய் அன்று. கழிவுநீர்க் குழாயாக இருக்கலாம், டைல்ஸ் இடுக்காக இருக்கலாம், வெளிச்சுவர் விரிசலில் இறங்கும் மழைநீராகவும் இருக்கலாம். இவை எதிலும் அழுத்தம் கிடையாது. அழுத்தம் இல்லாத நீர் சீறாது, சத்தமில்லாமல் ஊறி இறங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனையோ வீடுகளில் நல்ல குழாயைத் தேடிச் சுவரைக் கொத்தியிருக்கிறார்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

கோடு இறங்கியிருந்தால், மறுநாள் தொட்டியிலிருந்து புறப்படும் கேட் வால்வுகளையும் மூடிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியில் கீறல் இருக்கிறது, அல்லது மோட்டார் குழாயின் நான்-ரிட்டர்ன் வால்வு பழுதாகித் தண்ணீர் கீழே சம்புக்குத் திரும்புகிறது. வால்வுகளை மூடியதும் இறக்கம் நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள்தான். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று எனத் தனித்தனிக் குழாய் இறங்கினால், ஒவ்வொன்றாகத் திறந்து எந்தக் குழாய் என்பதையும் பிடித்துவிடலாம். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

இனி இரண்டாம் இரவு. நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் எழுந்திருங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். ஓர் அடிக்குக் குறையாத நீளமான திருப்புளி ஒன்று போதும். அதன் முனையைக் குழாயின் உலோகப் பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் கன்னத்தோடு சேரும் எலும்பில் அழுத்துங்கள். காதுத் துளைக்குள் நுழைக்கக் கூடாது. மின்பெட்டி, சுவிட்ச் பக்கமே கொண்டுபோகக் கூடாது. முதலில் குளியலறைக் குழாய், பிறகு ஷவர், ஆங்கிள் காக், சமையலறைக் குழாய் என்று வரிசையாகத் தொட்டுக் கேளுங்கள். பால் பொங்குமுன் ஓரத்தில் எழும் இரைச்சல் போல, நிற்காத ஒரே சீரான ‘உஸ்’ கேட்கும். எந்தக் குழாயில் அது பலமாக இருக்கிறதோ அதுதான் கசிவுக்குப் பக்கத்துக் குழாய்.

அடுத்ததுதான் முக்கியம். ஓசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டில் ஒருவரை மாடிக்கு அனுப்பி கேட் வால்வை மூடச் சொல்லுங்கள். மூடிய சிறிது நேரத்தில் ஓசை தேய்ந்து அடங்க வேண்டும். திறந்தால் திரும்ப வேண்டும். இரண்டும் நடந்தால் நீங்கள் கேட்டது உங்கள் வீட்டுக் கசிவு. வால்வை மூடியும் ஓசை நிற்காவிட்டால் அது பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும், தெருவிளக்கின் ரீங்காரமாகவும் இருக்கலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் உளி எடுக்கும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

குழாய் சுவருக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரியவில்லையா? கடைசிக் குழாயை, நூல் போல நீர் விழும் அளவுக்கு மெல்லத் திறந்து வையுங்கள். ஓடும் நீரின் சலசலப்பு குழாய் வழி நெடுகிலும் சுவரில் கேட்கும். ஒரு சாண் இடைவெளியில் திருப்புளியை வைத்துக் கேட்டபடி போய்ச் சாக்பீஸால் கோடு இழுத்துவிடலாம். பிறகு குழாயை இறுக மூடிவிட்டு, அதே கோட்டில் ஒவ்வொரு சாணுக்கும் ஓசைக்கு மதிப்பெண் போடுங்கள். பத்துக்கு இரண்டு, மூன்று, ஏழு, ஒன்பது, ஐந்து என்று எண்கள் ஏறி இறங்கும். ஏறி நிற்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. ஓதம் தெரியும் இடத்தில் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள். மேலே கசியும் நீர் குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, பூச்சு எங்கே பலவீனமோ அங்கே வெளியே வரும்.

உங்கள் வீடு ஒற்றை மாடி என்றால் ஒரு சிக்கல் உண்டு. 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். உங்கள் தொட்டி குளியலறைக் குழாயிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.4 கிலோதான். அதில் கசிவு முனகும், அவ்வளவுதான். அப்போது கையால் இயக்கும் பிரெஷர் டெஸ்ட் பம்ப் வைத்திருக்கும் பிளம்பரைக் கூப்பிடுங்கள். ஃப்ளஷ் டேங்க், துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் இணைப்பை அடைத்துவிட்டு, கீசரைக் கழற்றி அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஹோஸால் சேர்த்துவிட்டு, 3 கிலோ வரை தண்ணீரால் அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். ஒன்பது வயது வீட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம். முனகல் சீற்றமாக மாறும். காற்று கம்ப்ரசரைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் அடைத்த காற்று வெடித்தால் துண்டுகள் தெறித்து ஆளைக் காயப்படுத்தும். தண்ணீரில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

இடம் பிடிபட்ட பிறகு ஒரே ஒரு டைலை, ஓரத்து இடுக்கில் கிரைண்டரால் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் உள்ளே எல்போ என்ற வளைவு இணைப்போ, பித்தளை மரை போட்ட இணைப்போதான் கசிந்திருக்கும்.

தண்ணீர் ஓசைப்படாமல்தானே கசியும்? அது எப்படிச் சீறுகிறது? இரும்பு, பிளாஸ்டிக் இரண்டிலும் ஒரே ஓசைதானா?
*பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்*

நல்ல கேள்வி தம்பி. அழுத்தத்தில் இருக்கும் நீர் ஊசித் துளை வழியே வெளியேறும்போது அதன் வேகம் திடீரென்று கூடுகிறது. துளையின் விளிம்பில் நீர் சுழன்று கலங்குகிறது. அந்தக் கலக்கம் குழாயின் சுவரை அதிரச் செய்கிறது. அதிர்வு குழாய்ச் சுவர் வழியாகவும், உள்ளே நிற்கும் நீர் வழியாகவும் இரண்டு பக்கமும் ஓடுகிறது. வெளியே பாய்ந்த நீர் மண்ணிலோ செங்கல்லிலோ மோதுவது இன்னோர் ஓசை. மண்ணைக் குடைந்து சின்னக் குழி ஆக்கி, அதில் மணல் சுழன்று குழாயின் மீதே உரசுவது மூன்றாவது. தெருவில் கோலை ஊன்றும்போது இந்த மூன்றும் கலந்துதான் கேட்கும். பழகிய காது பிரித்தெடுக்கும்.

ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் இந்த ஓசை கூர்மையாக இருக்கும், தொலைவும் போகும். நொடிக்கு ஐந்நூறு முதல் ஆயிரத்தைந்நூறு அதிர்வுகள் வரை அதில் எளிதாகக் கேட்கும். பி.வி.சி., சி.பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் மெத்தை மாதிரி. கூர்மையான அதிர்வை எல்லாம் விழுங்கிவிட்டு, தடித்த, தாழ்ந்த ஓசையை மட்டும் விடும். அதுவும் சில மீட்டருக்குள் கரைந்துவிடும். ஓசையின் வேகமும் வேறு. நீர் நிறைந்த இரும்புக் குழாயில் நொடிக்கு ஏறக்குறைய 1200 மீட்டர், பி.வி.சி. குழாயில் 400 மீட்டரை ஒட்டி.

இந்த வேகத்தை வைத்துத்தான் கோரிலேட்டர் என்ற கருவி வேலை செய்கிறது. 100 மீட்டர் இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் உணரிகளை ஒட்டுகிறோம். ஒரு முனைக்கு ஓசை 0.025 நொடி முன்னதாக வந்து சேர்ந்தால், 1200-ஐ அதனால் பெருக்க 30 மீட்டர். மொத்த நீளத்தில் அதைக் கழித்தால் 70. பாதி 35. முன்னதாகக் கேட்ட முனையிலிருந்து 35-ஆவது மீட்டரில் தோண்டலாம். குழாய் எந்த வகை என்று தவறாகச் சொன்னால் வேகம் தவறும், தோண்டுகிற இடமும் தவறும். கருவி வந்துவிட்டதால் ஆள் வேண்டாம் என்று நினைத்துவிடாதே. டோக்கியோ நகரில் இன்றும் இரவு நேரங்களில் கோலைக் காதில் வைத்துக் கேட்டுப் போகும் பணியாளர்கள் இருக்கிறார்கள். 1950-களில் அங்கே ஏறக்குறைய 20 சதவீத நீர் கசிவில் போனது. இப்போது 3 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பழைய குழாய்களை மாற்றியது பெரிய காரணம். தெருத் தெருவாகக் கேட்டு நடந்ததும் ஒரு காரணம்.

செய்து பார்க்க ஆசை இருந்தால், மின்னணுக் கடையில் கிடைக்கும் பீசோ தட்டு ஒன்றை வாங்கு. பஸ்ஸருக்குள் இருக்குமே, அந்தப் பித்தளை வட்டம்தான். அதைக் குழாயில் இறுக ஒட்டி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாக ஹெட்போனில் கேள். வீட்டுக் குழாயை ஒரு சொட்டு அளவுக்குத் திறந்துவைத்து ஆரம்பி. எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்தால் போதாதா?
*வாசகர், ஓசூர்*

போதாது. கைப்பேசியின் மைக், காற்றில் வரும் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. பின்னணியில் ஒரே சீராக ஒலிக்கும் இரைச்சலை வேண்டாத சத்தம் என்று கருதி அதன் மென்பொருள் அழிக்கப் பார்க்கும். நாம் தேடுவதே அந்தச் சீரான இரைச்சலைத்தான். மெக்கானிக்குகள் எஞ்சினில் வைத்துக் கேட்கும் கம்பி வைத்த ஸ்டெதஸ்கோப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்தது அந்தக் கருவி. சுவரும் அப்படித்தான், தொட்டுக் கேட்டால்தான் சொல்லும்.

காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த முற்றத்து நடையில் ஈரம் கண்டது. தரைக்கடியில் பழைய ஜி.ஐ. குழாய். கேட்கத் தெரிந்தவர் என்று ஒருவரை அழைத்து வந்தோம். ஓசை மிகப் பலமாகக் கேட்ட இடத்தில் நான்கு கற்களைப் பெயர்த்தார். குழாய் அங்கே காய்ந்து கிடந்தது. காதை நம்பியது தவறா?
*வாசகர், காரைக்குடி*

ஐயா, கடிதத்தைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. அந்தக் கற்களின் அருமை எனக்குத் தெரியும். காதை நம்பியதில் தவறில்லை. பலத்தை மட்டும் நம்பியதில்தான் தவறு.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். என் மகள் வீட்டில், சமையலறைத் தரையில், ஓர் இடத்தில் ஓசை அப்படிக் குமுறியது. உறுதியாகச் சொல்லி இரண்டு டைல்ஸை உடைத்தேன். உள்ளே வெற்றிடம். டைல்ஸுக்குக் கீழே கலவை சரியாகப் படியாமல் ஓர் அடி அகலத்துக்குப் பொள்ளலாக இருந்தது. கசிவு அதிலிருந்து ஏழு அடி தள்ளி, கதவு நிலைக்கு அடியில். குடத்தின் வாய்க்கு நேராகப் பேசினால் குரல் பெருகுகிறதல்லவா, அப்படி அந்தப் பொள்ளல் ஓசையைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. என் மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல், கேட்குமுன் தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் நான் கோலை ஊன்றியதில்லை. தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போலத்தான். பொள்ளலான கல் ‘டொப்’ என்று தனியாகச் சொல்லும். அந்தக் கற்களில் கேட்கும் ஓசையைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இரும்புக் குழாய்க்கு இன்னொரு குணம். ஓசையைத் தொலைவுக்குக் கடத்தி, குழாய் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அதைக் கொட்டும். வளைவிலும், குழாய் கிளை பிரியும் டீ இணைப்பிலும் கூட அப்படிச் சேரும். அதனால் பலத்தோடு கூர்மையையும் கேட்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் ஓசையில் கீச்சுப் பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடும், தடித்த பகுதிதான் வந்து சேரும். கசிவுக்கு நேர் மேலே நிற்கும்போதுதான் ‘உஸ்’ என்பதற்குள் மெல்லிய ‘ஸ்ஸ்’ தெளிவாகப் பிரிந்து கேட்கும். குறைந்த பலத்தில் கூர்மையாகக் கேட்டால் அதைப் பின்தொடருங்கள். பெருத்த பலத்தில் மந்தமாகக் கேட்டால் அங்கே தோண்டாதீர்கள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு பாட்டி இரவில் பாம்பு சீறும் சத்தம் கேட்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் மற்ற எல்லோரும் கட்டிலில் படுப்பவர்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டி மட்டும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர். பாம்பாட்டியைக் கூட அழைத்துப் பார்த்துவிட்டார்கள். வேறு வேலையாகப் போன நான், பாட்டி படுத்த இடத்தில் கோலை வைத்தேன். பாய்க்கு நேர் கீழே, ஒன்றரை அடி ஆழத்தில், துருவேறிய குழாயில் குண்டூசி அளவுத் துளை. அந்த மாதம் முழுவதும் அந்த வீட்டில் சரியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். என் கையில் இருந்த கோல், பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் தாய்மாமன் செய்து கொடுத்தது. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைச் சொல்லும் ஆட்களோடு பழகியவர் அவர். ஆனாலும் அன்று கசிவைக் கண்டுபிடித்தது பாட்டி என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை வேறு. அந்தக் குழாயைத் தேடுவதையே விட்டுவிடுங்கள். ஓர் இடத்தில் துருவேறித் துளை விழுந்த ஜி.ஐ. குழாய், அடைத்த பிறகு இன்னோர் இடத்தில் துளை விழும். இரண்டு முனையிலும் அதைத் துண்டித்து அடைத்துவிட்டு, புதுக் குழாயைச் சுவரோரமாக வெளியே கொண்டுபோங்கள். பார்வைக்குச் சற்றுக் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சம் இருக்கும் கற்கள் பிழைக்கும்.

அடுக்ககத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் குளியலறைக் கூரையில் சொட்டுகிறது. மேல் வீட்டுக்காரர் தங்கள் குழாயில் பழுதே இல்லை என்கிறார். பேச்சே நின்றுவிட்டது. ஓசையை வைத்து நிரூபிக்க முடியுமா?
*வாசகி, சென்னை*

நிரூபிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்து, எந்த நேரத்தில் சொட்டுகிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். இரவு பகல் மாறாமல் ஒரே சீராகச் சொட்டினால் அழுத்தக் குழாய். காலை ஏழிலிருந்து பத்துக்குள் கூடி, மதியம் குறைந்தால் மேலே குளிக்கும் நீர்தான். அதாவது கழிவுக் குழாயோ தரை இடுக்கோ. பல அடுக்ககங்களில் குளியலறைத் தரையைத் தாழ்த்திக் கட்டி, உள்ளே உடைகல் நிரப்பியிருப்பார்கள். அந்தப் பள்ளம் தொட்டி போலத் தேங்கிக்கொண்டு பல நாள் கழித்தும் சொட்டும். அதனால் ஒருநாள் கணக்கை நம்பாதீர்கள், ஒரு வாரம் பாருங்கள்.

கழிவுக் குழாய் என்று தோன்றினால் ஓசை உதவாது. மேல் வீட்டுத் தரை வடிகாலை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்கு நீரைத் தேக்கி 24 மணி நேரம் பார்ப்பதுதான் வழி. ஃப்ளஷ் டேங்கில் சந்தேகம் என்றால், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அந்த டேங்கில் கலந்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் விடாமல் இருக்க வேண்டும். கழிவறைக் கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் உள்ளே வால்வு ஒழுகுகிறது.

அழுத்தக் குழாய் என்றால் இரவில் உங்கள் கூரையிலேயே திருப்புளியை வைத்துக் கேட்கலாம். ஆனால் கான்கிரீட் ஓசையை எல்லாப் பக்கமும் கொண்டுபோகும். மூன்றாம் வீட்டு ஓசையும் உங்கள் கூரையில் கேட்கும். மேல் வீட்டு வால்வை மூடித் திறந்தால்தான் தெளிவாகும். அதற்கு அவர்கள் கதவு திறக்க வேண்டும் அம்மா. ஆகவே சங்கச் செயலாளரை முன்னிட்டு, ‘யார் தவறு என்று பார்க்க வேண்டாம், எந்தக் குழாய் என்று பார்ப்போம்’ என்று கேளுங்கள். மேல் வீட்டம்மாவையே திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். தன் காதால் கேட்டதை யாரும் மறுப்பதில்லை. மூன்று அடுக்ககங்களில் இப்படிச் சண்டை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு 74 வயது. காது மந்தம், கருவி போட்டிருக்கிறேன். தனியாக இருக்கிறேன். என்னால் இதைச் செய்ய முடியுமா?
*வாசகர், நாகர்கோவில்*

முடியும் ஐயா. வயதில் முதலில் போவது கீச்சு ஓசை கேட்கும் திறன். தாழ்ந்த ஓசை பலருக்கு மிஞ்சியிருக்கும். கருவியைக் கழற்றிவிட்டு, திருப்புளியின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் மேட்டு எலும்பில் அழுத்திப் பாருங்கள். எலும்பு வழி வரும் அதிர்வு நேரே உட்காதுக்குப் போகும். அதுவும் இல்லாவிட்டால் விரல் நுனிகளைக் குழாய்மீது லேசாக வையுங்கள். பெரிய கசிவு விரலுக்கே தெரியும்.

பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக் காதுக்கு நிகராக எந்தக் கருவியும் இல்லை என்பது என் அனுபவம். எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், பிள்ளை கேட்டுச் சொல்லட்டும். தொட்டிக் கணக்கைப் பார்க்க மாடிப்படி ஏற வேண்டாம். அதை வயது வந்த வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள். இரவில், ஈரத் தரையில், தனியாக நடமாடாதீர்கள்.

சொட்டுத்தானே, போகட்டும் என்கிறார் என் கணவர். எவ்வளவுதான் வீணாகும்?
*வாசகி, பெரம்பலூர்*

கண்ணுக்குத் தெரியும் குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு என்றால், 20 சொட்டு 1 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு வாளியில் கால் பங்கு. அதைச் சொட்டு என்று சொல்லலாம்.

சுவருக்குள் இருப்பது வேறு கணக்கு. 1 மில்லிமீட்டர் துளை, 4 மீட்டர் உயரத்தில் தொட்டி. நிமிடத்துக்குக் கால் லிட்டர், நாளைக்கு ஏறக்குறைய 350 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி மூன்று நாளில் காலி. அதை நிரப்ப ஓடும் மோட்டாரின் மின்கட்டணமும் உங்களுடையது. அந்த நீர் முழுவதும் உங்கள் சுவருக்குள்ளோ அஸ்திவாரத்துக்கோதான் போகிறது. கோடையில் நான்கு குடத்துக்காக நடுராத்திரி தெருக்குழாயில் வரிசை நின்ற பெண்களைக் கோலோடு கடந்து போயிருக்கிறேன். அதே தெருவில், தரைக்கடியில், ஒரு வீட்டுக் குழாய் சீறிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்று இரவே குச்சியில் கோடு போடுங்கள். காலையில் எவ்வளவு இறங்கியது என்று உங்கள் கணவரையே பார்க்கச் சொல்லுங்கள்.